மலைமேல் ஓர் ஆறு

ஆறு என்னுஞ் சொல் தமிழில் நீர் ஒழுகும் யாற்றுக்கும் மக்கள் நடக்கும் வழிக்கும் பொதுவாய் வழங்குவது. பள்ளம் நோக்கித் தன் நெறியைத் தானே வகுத்துக்கொண்டு செல்வது ஒன்று. பலருடைய அடிகள் பன்னாட் படிந்து வகுப்பது மற்றொன்று. ஆற்றுப்படை என ஒரு நூல்வகையே கண்ட மொழியில், வழியைப் பற்றிக் கூறுதலென்பது அதன் இருமருங்குமுள்ள மரத்தையும் புள்ளையும் அங்கு வாழ்வாரையும் உடன்கூட்டிக் கூறுதலேயாம். அங்ஙனங் கூறுதற்குத் தக்க வழியொன்று தென்னமெரிக்காவின் மேற்பாலுள்ள பெரு நாட்டில், உருபம்பா என்னும் யாற்றங்கரையிற் றொடங்கி, மச்சுப் பிச்சு என்னும் பழம்பதியிற் சென்று முடிகின்றது. ஆண்டுதோறும் பன்னாட்டாரும் சென்று நடக்கும் அவ்வழியின் இயல்பும், அதன்கண் வாழும் உயிர்களின் நிலையும், அவற்றைப் பேணுவார் திறமும் ஈண்டுக் கூறப்படும்.

ஆண்டீசு மலைத்தொடர் வெனிசுவேலா முதல் அருசெந்தீனா ஈறாக ஏழு நாடுகளை ஊடறுத்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. அதன்மேல் 15-ஆம் நூற்றாண்டில் ஆட்சி விரித்த இன்கா மன்னர், தமக்கு முன்னிருந்தோர் வகுத்த வழிகளையும் இணைத்து, 30,000 கிலோமீட்டர்க்குக் குறையாத பெருவழிகளை அமைத்தனர். கெச்சுவா மொழியில் ‘காபாக் ஞான்’ எனப்படும் அவ்வழித்தொகுதி 2014-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. அவ்வரசர்க்கு வண்டிச் சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, குதிரையும் இல்லை. மனிதன் காலும் இலாமா என்னும் சிறு சுமைவிலங்கின் காலுமே அவ்வழிகளை அளந்தன. ஆகலின், சக்கரம் உருளுதற்கு வேண்டுஞ் சரிவை அவர் தேடினாரல்லர். மலை எழுந்துழிப் படி அமைத்தனர். இன்று இவ்வழியில் ஏறுவோன் மூச்சுத் திணறி, இத்துணைப் படிகளை அமைத்தவர் யாவரோ என வெகுள்வானாயின், அவ்வெகுளிக்குக் காரணம் சக்கரம் இன்மையே என்று அறிக.

இனி, இவ்வழி ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுடையது; நான்கு நாளில் நடந்து கடக்கப்படுவது. தொடங்குமிடம் கூசுக்கோ நகரினின்றும் வரும் இருப்புப்பாதையின் 82-ஆம் கிலோமீட்டர்க் கல்லையடுத்த பிசுக்காக்குச்சோ. அவ்விடத்தின் உயரம் 2,700 மீட்டர் அளவினது. நடுவே ஏறவேண்டிய கணவாய் 4,215 மீட்டர். சென்று சேரும் மச்சுப் பிச்சு 2,430 மீட்டர். இவ்வேற்ற விறக்கங்களே இவ்வழியின் பெருஞ்சிறப்பு. என்னை? மலையில் ஆயிரம் மீட்டர் ஏறுதல் சமநிலத்தில் நெடுந்தூரம் சென்று வேறொரு நாட்டை அடைதலோடு ஒக்கும்; தட்பவெப்பம் மாறும்; அதனொடு மரமும் புள்ளும் மாறும். பெரு நாட்டு நிலநூலார் சேவியர் புல்கார் விடால் என்பார், 1940-களில், தம் நாட்டை எட்டு நிலப்பகுதிகளாக வகுத்தார். ஐரோப்பியர் இட்ட பெயர்களை விட்டு, மலைமக்கள் தாமே வழங்கிய யுங்கா, கெச்சுவா, சூனி, பூனா, சங்கா முதலிய பெயர்களையே அவர் மேற்கொண்டார்; ஒவ்வொன்றற்கும் உரிய உயரமும் பயிரும் விலங்கும் தொழிலுங் கூறினார். நிலத்தைத் திணையாகப் பகுத்து, அதற்குரிய மரமும் புள்ளுங் கூறும் நெறியிற் பயின்ற தமிழர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒருவன் நான்கு நாளில் அப்பகுதிகள் பலவற்றை அடியால் அளந்து காண்டற்கு இடமாயிருப்பது இவ்வழி.

முதனாள் வழி வறண்ட பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்கின்றது. ஒருபுறம் யாறு இரைந்தோடும். மற்றொருபுறம் கள்ளியும், பாறையிலும் மரக்கிளையிலும் பற்றி நரைமுடிபோலத் தொங்கும் வேரற்ற புல்லுருக்களும், மோயே என்னும் செம்மணிக் காய்மரமும் காணப்படும். யாற்றின் நுரைநடுவே பாறைமேல் வெள்ளைத் தலையுடைய வாத்து ஒன்று நின்று, பெருவெள்ளத்திற் பாய்ந்து எதிர்நீந்தும். வேறு நீர்ப்புட்கள் அஞ்சி ஒதுங்கும் விரைவோட்டத்திலேதான் அஃது இரைதேடி வாழ்கின்றது. இப்பகுதியிற் காணப்படும் உயர்ந்த மரங்களுட் பல அம்மலைக்கு உரியன அல்ல. அவை ஆசுத்திரேலியாவினின்றும் 19-ஆம் நூற்றாண்டிற் கொண்டுவந்து நட்ட தைலமரங்கள். நீலகிரியைக் கண்டவர்க்கு அம்மரத்தைக் கூறவேண்டுவதில்லை. அங்கும் அதே நூற்றாண்டில் அஃது ஏறிப் பரந்தது. விரைந்து வளர்ந்து விறகாதலின் இருமலையாரும் அதனை விரும்பினர்; மண்ணின் ஈரத்தை மிகுதியாக உண்ணுதலின் இருமலையாரும் பின்னர் அதனை வெறுத்துக் கூறுகின்றனர். இரண்டு மலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. முறைக்காய்ச்சலைத் தீர்க்குங் கொயினா மருந்தைத் தன் பட்டையிலுடைய சிங்கோனா மரம் ஆண்டீசின் கீழ்ச்சரிவுகளுக்கு உரியது. பெருவின் அரசு இலச்சினையிலும் பொறிக்கப்பெற்றது. 1860-ஆம் ஆண்டில் கிளெமெண்ட்சு மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் தலைமையில் அதன் கன்றும் விதையும் திரட்டப்பெற்று நீலகிரியில் நடப்பட்டன. எத்துணையோ காய்ச்சற்காரர் உயிர்பிழைத்தற்கு அவை காரணமாயின. ஆயினும், அவை எந்நாட்டினின்றும் எடுக்கப்பட்டனவோ அந்நாட்டார்க்கு அதனால் வந்த ஊதியம் ஏதும் இல்லையென்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இரண்டாம் நாள் ஏற்றமே கடியது. வயில்லாபம்பா என்னும் சிற்றூரைக் கடந்தபின் வழி செங்குத்தாக எழும். காற்றில் உயிர்வளி குறைந்துகொண்டே வந்து, கணவாயின் உச்சியிற் கடற்கரையில் உள்ளதனுட் பத்தில் ஆறு கூறளவே எஞ்சும். இருபது படி ஏறி நின்று மூச்சு வாங்குதல் இளைஞர்க்கும் இயல்பு. அந்நிலையிலேதான் அவர்கள் கேவுஞா மரத்தை முதன்முதலிற் காண்கின்றனர். நிற்க நேர்ந்தமையாற் காண்கின்றனர் என்பதே பொருந்தும்.

கேவுஞா உயர்ந்த மரமன்று. அழகிய மரமென்றும் எளிதிற் சொல்லிவிட வியலாது. முறுக்குண்டு வளைந்த அடியும், சிறிய இலையும், செந்நிறமாய் ஏடேடாக உரிந்து தொங்கும் பட்டையும் உடையது. பழைய ஓலைச்சுவடிக் கட்டொன்று அவிழ்ந்து காற்றில் அலைவதுபோல அப்பட்டை தோன்றும். மரநூலார் அதற்கு இட்ட கிரேக்கப் பெயரும் ‘பல ஏடுகள் உடையது’ என்னும் பொருளதே. உலகில் மிக உயர்ந்த இடத்தில் வளரும் மரவகை இதுவாகும். பொலிவியாவின் சகாமா மலையில் இவ்வினத்ததொன்று 5,000 மீட்டர்க்கு மேலும் வளர்கின்றது. இரவு தோறும் உறைபனியும் பகல் தோறுங் கடுவெயிலும் மாறிமாறித் தாக்கும் இடத்தில், அவ்வேட்டடுக்கே அதற்குப் போர்வை.

அப்போர்வை மரத்துக்கு மட்டும் அன்று. சாம்பல்நிற முதுகும் செம்பழுப்பு வயிறும் உடைய குருவியொன்று தன் கூரிய அலகால் அவ்வேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உள்ளே பதுங்கிய பூச்சிகளைத் தேர்ந்துண்கின்றது. கேவுஞாக் காடு உள்ளவிடத்தன்றி வேறிடத்து அதனைக் காண்டல் அரிது. 1911-இல் மச்சுப் பிச்சுவிற் புகுந்து அதனை மேனாட்டார்க்கு அறிவித்த ஐரம் பிங்காமின் பெயரே இக்காலத்து விலங்குநூலில் அப்புள்ளின் பெயரில் வழங்குகின்றது. (அவர் புகுந்தபொழுது அவ்விடத்து உழவர் சிலர் குடியிருந்து பயிர்செய்துகொண்டிருந்தனர், ஆகலின் அவர் அதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று கூறுதல் வழக்கேயன்றி உண்மையன்று.) யாற்றின் அப்புறத்து மலாகா கணவாயையடுத்த கேவுஞாச் சோலைகளில் வெண்புருவமும் நீண்ட வாலும் உடைய மற்றொரு சிறுபுள் வாழ்கின்றது. பெருவின் தென்பாலுள்ள இத்தகைய காடுகள் சிலவற்றிலன்றி உலகில் வேறெங்கும் அஃது இல்லை. விறகுக்கு மரம் வெட்டியும், மேய்ச்சலுக்குப் புல்வெளியை எரித்தும் வந்தமையால் அக்காடுகள் துண்டுதுண்டாயின. காடு ஒரு துண்டு அழிய, அத்துண்டை நம்பிய புள்ளும் அதனொடு அழியும். வேறு காட்டிற்குப் பறந்து போகலாகாதோ எனின், இடையே கிடக்கும் வெறும்புல்வெளி அச்சிறுபுள்ளுக்குக் கடல்போல்வது.

இவ்வுயரத்தில் ரீங்காரச் சிட்டும் உண்டு. அமெரிக்காவிலன்றி வேறெங்கும் இல்லாத அச்சிட்டு, சிறகை மிக விரைந்து அடித்துப் பூவின்முன் அந்தரத்தே நின்று தேனுண்பது. தமிழ்நாட்டுத் தேன்சிட்டு அதற்கு உறவன்று. தொழில் ஒத்தமையாற் றோற்றம் சிறிது ஒத்ததேயாம். இத்துணைச் சிறிய உடம்பு உறைபனி இரவை எங்ஙனங் கழிக்கும் என்னும் ஐயத்திற்கு விடை 2020-இல் வெளிவந்தது. பெருவின் ஆண்டீசில் 3,800 மீட்டர் உயரத்தில் ஆராய்ந்தோர், கரிய சிட்டொன்றின் உடல்வெப்பம் இரவில் 3.3 பாகை அளவுக்குத் தாழ்ந்து, நெஞ்சத் துடிப்பும் அடங்கி, விடியலில் மீண்டும் எழுதலை அளந்தறிந்தனர். ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய இறந்து, ஒவ்வொரு காலையும் பூவை நாடிப் பறக்கின்றது அவ்வுயிர்.

கணவாயின் பெயர் வார்மிவாஞுசுக்கா. ‘இறந்த பெண்’ என்பது பொருள். கீழிருந்து நோக்குவார்க்கு மலைமுகடு மல்லாந்து கிடக்கும் ஒரு பெண்ணின் வடிவாகத் தோன்றுதலின் அப்பெயர் வந்தது. ஆண்டீசின் கணவாய்தோறும் வழிச்செல்வோர் கல்லொன்று வைத்து வைத்து உயர்ந்த குவியல்கள் காணப்படும். ஏறி வந்தவன் கோக்கா இலை மூன்றை விரல்நடுவே சேர்த்துப் பிடித்து, எதிரே பனிமூடி நிற்கும் மலையை நோக்கி அவற்றின்மேல் மெல்ல ஊதிப் படைப்பது மரபு. மலைகளை அவர் ‘அபு’ என்பர். தலைவன் என்பது அதன் பொருள். நிலத்தைப் பச்சமாமா என்னும் தாயாக வழிபடுவர். 6,271 மீட்டர் உயர்ந்த சல்கந்தாய் அவ்வட்டாரத்துப் பேரபு. 1532-இல் இசுப்பானியர் வந்தபின் அவ்வழிபாடுகள் பலவாற்றானும் ஒடுக்கப்பட்டன, கோயில்கள் இடிக்கப்பட்டன. மலையை இடித்தல் இயலாமையான் மலைவழிபாடு எஞ்சியது போலும்.

அவ்வழிபாட்டின் இன்றைய நிலையைக் காண்டற்குக் கூசுக்கோவின் கிழக்கே அவுசங்காத்தே மலைப்பக்கத்து நிகழும் கொய்யூர் ரித்தி என்னும் பெருவிழாவை நோக்கல் வேண்டும். கிறித்துவ வழிபாடும் மலைவழிபாடும் ஒன்றாய்க் கலந்த அவ்விழாவிற்குப் பல்லாயிரவர் ஆண்டுதோறும் சினக்காரா பள்ளத்தாக்கிற்கு ஏறிச் செல்கின்றனர். 2011-இல் மாந்தகுலத்தின் அருவ மரபுச் செல்வப் பட்டியலில் அஃது இடம்பெற்றது. கரடியுருக் கோலம் பூண்ட அடியவர் இரவிற் பனியாற்றின்மேல் ஏறி, விடியற்காலையில் பனிக்கட்டிகளை வெட்டி முதுகிற் சுமந்து ஊர்க்குக் கொண்டுவருதல் தொன்றுதொட்ட வழக்கம். அப்பனி உருகிய நீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்குதலை அவ்வடியவர் தம் கண்ணாற் கண்டனர். கண்டு, பனி வெட்டுதலைக் கைவிட்டனர். அவர் வெட்டிய சில கட்டிகளால் பனியாறு குறைந்ததன்று. உலகம் வெப்பமடைதலாற் குறைந்தது. 1962-க்குப் பின்னர்ப் பெருவின் பனிப்பரப்பிற் பாதிக்கு மேல் மறைந்தது என்பது அந்நாட்டார் கணக்கு. அக்குறைக்குக் காரணரானோர் தொலைவில் இருப்ப, தம் பேற்றை விட்டுக்கொடுத்தோர் அம்மலையடியவரேயாயினர்.

பனி குறைந்தால் கோடையிற் சிற்றூர்களின் ஊற்று வற்றும். இதனைத் தடுத்தற்கு அவர்கள் மீண்டும் நாடியது கேவுஞாவையே. முகிலின் ஈரத்தைத் தன் இலையிலும் பாசியிலும் ஏற்று, மழைநீரை வேரடி மண்ணில் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுவது அம்மரம். கூசுக்கோவிற் பிறந்த கான்சுத்தந்தீனோ அவுக்கா என்னும் உயிர்நூலார், 2000-ஆம் ஆண்டில் ஒரு கழகம் நிறுவி, மலைச்சிற்றூராரோடு கூடி இம்மரத்தை நடத் தொடங்கினார். அவர் தாமும் கெச்சுவா மரபினர். கூலிக்கு ஆள் அமர்த்தி நடும் முறையை விட்டு, ‘ஐனி’, ‘மிங்கா’ என அம்மக்கள் முன்னரே வழங்கிய முறையை அவர் மேற்கொண்டார். இன்று உனக்கு யான் உழைப்பேன், நாளை எனக்கு நீ உழைப்பாய் என்பது ஐனி. ஊர்ப்பொதுவிற்கு ஊர் முழுதும் திரண்டு உழைத்தல் மிங்கா. மழைக்காலத்துக் குறித்த நாளில் ஆடவரும் மகளிரும் சிறாரும் சங்கு ஊதி, இசை முழக்கி, கன்றுகளைத் துணியிற் கட்டி முதுகிற் சுமந்து மலையேறுகின்றனர். 2018-இல் இம்முயற்சி ஆண்டீசின் பிற நாடுகட்கும் பரவியது. 2022-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவர்க்குச் சிறப்புச் செய்தபொழுது, பெருவில் நடப்பட்ட மரங்கள் 30 இலட்சத்துக்கு மேற்பட்டன எனக் கூறிற்று. கேவுஞா மிக மெல்ல வளர்வது. அதன் பட்டை ஏடேடாக உரிந்து, குருவி அலகு நுழைக்குமளவு முதிர்தற்கு எத்துணை ஆண்டு வேண்டும் என்பதை நட்டவர் அறிவர், அறிந்தே நடுகின்றனர்.

இவ்வழியிற் சுமப்போர் பிறரும் உளர். கையிற் கோலொன்றும் முதுகிற் சிறுபையொன்றும் உடையனாய் இளைத்து நிற்கும் வழிப்போக்கனை, கூடாரமும் அடுப்பும் அரிசியும் மாவும் சுமந்த கெச்சுவா உழவன், தேய்ந்த வண்டிச்சக்கர இரப்பராற் செய்த செருப்புடன் ஓடிக் கடக்கின்றான். வழிப்போக்கன் வந்து சேருமுன் கூடாரம் நின்று, சூடான நீரும் வைக்கப்பட்டிருக்கும். சுமைவிலங்குகள் இவ்வழியின் மேற்பகுதியில் விலக்கப்பட்டன. அவற்றின் குளம்பு கற்படியைக் கெடுக்கும் என்பது காரணம். அச்சுமை மனிதன் முதுகிற்கு வந்தது. முற்காலத்து அளவின்றி ஏற்றப்பட்ட அச்சுமைக்கு 2001-இல் இயற்றிய சட்டம் 20 கிலோகிராம் என வரம்பிட்டது. வழியின் வாயிலிற் றராசு வைத்து நிறுக்கின்றனர். வரம்பு மீறுவோரைப் பற்றிய முறையீடுகள் அதன்பின்னும் நின்றபாடில்லை. பழங்கல்லின் தேய்வுக்கு இரங்குதல் நன்றே. அதன்மேல் நடக்கும் முழங்காலின் தேய்வுக்கும் உடன் இரங்கினாலன்றி அவ்விரக்கம் நிறைவுடையதாகாது.

மூன்றாம் நாள் நிலம் முற்றும் மாறுகின்றது. அமேசான் காட்டினின்றும் எழும் ஈரக்காற்று மோதும் கீழ்ச்சரிவு இது. முகில் மரத்தினூடே புகுந்து தவழும், கிளைதோறும் பாசி, பாசிதோறும் ஆர்க்கிடு மலர். மச்சுப் பிச்சுக் காப்பகத்தில் அம்மலர்வகை 400-க்கு மேற்பட்டன. அவற்றுள் செம்மஞ்சளும் ஊதாவும் மிளிரும் ஒன்றற்கு மலைமக்கள் இட்ட பெயர் ‘வக்காங்கி’. ‘நீ அழுவாய்’ என்பது அதன் பொருள். மூங்கிற் புதரில் மறைந்து இன்காச் சிலம்பன் எனத்தக்க சிறுகுருவி, ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும். பெருவிலன்றி அஃது எங்கும் இல்லை. குருவியைக் கண்டவர் சிலர். அதன் பாட்டைக் கேளாதார் இலர்.

இப்பகுதியிற் கற்படிகள் பழமை குன்றாமல் நிற்கின்றன. மழை மிகுந்த மலையில் ஐந்நூறாண்டு அவை நின்றதற்குக் காரணம் கல்லின் வன்மையன்று. நீர்போக்கு அறிந்து, வழியின் அடியிலும் ஓரத்திலும் கால்விட்டு அமைத்த அறிவேயாகும். நீரின் ஆற்றை மறித்து வழி அமைத்தாரல்லர். நீர்க்கு அதன் ஆற்றை விட்டு, மக்கட்கு வேறோர் ஆறு அமைத்தனர். முகிலுக்கு மேற்பட்ட ஊர் எனப் பொருள்படும் புயுபத்தாமார்க்காவில், மலையூற்று இன்றும் பழைய கற்றொட்டிகள் ஒன்றினின்று ஒன்றற்கு இறங்கி ஓடுகின்றது. அதன்கீழ் விஞய் வைனா என்னும் படிக்கட்டு வயலூர். 1940-41 ஆண்டுகளிற் பால் பேயோசு என்பார் தலைமையிற் சென்ற குழுவினர் அதனைக் காட்டினின்றும் வெளிப்படுத்தினர். அவ்விடத்து ஆண்டு முழுதும் பூக்கும் ஆர்க்கிடு ஒன்றன் பெயரையே ஊர்க்கும் இட்டனர். என்றும் இளையது என்பது பொருள். அவ்வூரின் பழம்பெயர் யாது என்பதைக் கூற எழுத்து இல்லை. ஊர் பெயரிழந்து நிற்க, பூ தன் பெயரை அதற்கு ஈந்தது.

நான்காம் நாட் புலரியில் கதிரவன் வாயில் என்னும் இந்திப்புங்குவிற் சென்று நிற்பார்க்குக் கீழே மச்சுப் பிச்சு தோன்றும். முகில் இசைந்தாற் றோன்றும்.

இவ்வழியில் நாளொன்றுக்குச் சுமப்போரும் வழிகாட்டுவோரும் உட்பட 500 பேர்க்கு மேற் புகவொட்டார். தனித்துச் செல்லவும் விடார். முன்னர் அளவின்றிப் புகுந்தோரால் படிகள் தளர்ந்து, காட்டோரங் குப்பையானமையின் இவ்வரம்பு வேண்டப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் வழி முழுதும் அடைக்கப்படுகின்றது. அது பெருமழைக்காலம். அக்காலத்துப் பணியாளர் சிலர் மட்டும் மேலேறிப் பெயர்ந்த கல்லைப் பொருத்தி, நீர்க்காலிற் றூர்ந்த மண்ணை வாரி, சரிந்த கரையைக் கட்டுகின்றனர். மூங்கிற் புதர் வழிமேற் சாய்ந்து கிடக்கும். குருவிகள் படிக்கட்டின்மேல் இறங்கி இரைதேடும். மேலே கேவுஞாக் கன்றுகள் மழையில் நனைந்து நிற்கும்.